இளைப்பாறுவதற்கான உழைப்பு குறித்து வால்ட் டிஸ்னி வேர்ல்ட் நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வால்ட் டிஸ்னி வேர்ல்ட் நிர்வாகம், லேக் புயனா விஸ்டா, புளோரிடா, அமெரிக்கா.

பொருள்: பூங்காவுக்கு வருமுன் குடும்பங்கள் மேற்கொள்ளும் திட்டமிடல் பணியைத் தனியொரு கேளிக்கையாக அங்கீகரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் என்ற ஒரே பூங்காவுடன் திறக்கப்பட்டு, 1982இல் எப்காட்டையும் 1989இல் இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று வழங்கும் பூங்காவையும் 1998இல் அனிமல் கிங்டத்தையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்துள்ள தங்கள் நிறுவனம், பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றுகூடி மகிழ்வதற்கான இடமாகவே எண்ணப்பட்டது என்று அதன் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அந்த நோக்கம் நிறைவேறியிருப்பதில் ஐயமில்லை. ஆயினும், பூங்காவின் வாயிலை மிதிப்பதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே பெற்றோர் ஒன்றுகூடி உழைக்கத் தொடங்கிவிடுகின்றனர் என்பதும், அவ்வுழைப்பு இதுவரை எந்த வரைபடத்திலும் ஒரு காட்சியிடமாகக் குறிக்கப்படவில்லை என்பதும் நிர்வாகத்தின் கவனத்துக்கு முறையாகக் கொண்டுவரப்படாமல் இருக்கலாம் என்று கருதியே இவ்விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படுகிறது.

இவ்வுழைப்பு எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகவேனும் பதிவு செய்வது அவசியமாகிறது. தொடக்கக் காலத்தில் பூங்காவுக்கு வருவோருக்கு ஏ முதல் ஈ வரை எழுத்திட்ட சீட்டுகள் அடங்கிய புத்தகம் விற்கப்பட்டது. சாதுவான ராட்டினங்களுக்கு ஏ சீட்டும், நெஞ்சைப் பதறவைக்கும் சவாரிகளுக்கு ஈ சீட்டும் தேவைப்பட்டதால், ஈ சீட்டுகள் முதலில் தீர்ந்துபோக, ஏ சீட்டுகள் மிஞ்சி வீட்டு இழுப்பறைகளில் பல்லாண்டுகள் உறங்கின. அம்முறை 1982இல் முடிவுற்று, நுழைவுக் கட்டணம் ஒன்றே போதும் என்றானது. 1999இல் வந்த ஃபாஸ்ட்பாஸ், இயந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செருகினால் எந்த நேரத்தில் திரும்பி வந்து நீண்ட வரிசையில் நில்லாமல் ஏறலாம் என்று அச்சிட்ட ஒரு தாளை இலவசமாகத் தந்தது. அதன் பின்வந்த ஃபாஸ்ட்பாஸ் பிளஸ், அந்தத் தாளைக் கைப்பட்டையாகவும் செயலியாகவும் மாற்றி, தங்கள் விடுதியில் தங்குவோர் 60 நாள் முன்பாகவும் மற்றோர் 30 நாள் முன்பாகவும் முன்பதிவு செய்யலாம் என்று விதித்தது. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் இச்சலுகைக்குக் கட்டணம் வந்தது. 2024 ஜூலையில் அப்பெயர் மறைந்து, லைட்னிங் லேன் எனும் விரைவு வரிசைக்கு மல்ட்டி பாஸ், சிங்கிள் பாஸ் என்ற இரு பெயர்கள் வந்தன. முந்தைய பயணத்தில் ஒரு குடும்பம் அரும்பாடுபட்டுக் கற்ற கலைச்சொற்கள் எவையும் அடுத்த பயணத்துக்கு உதவாதபடி நிர்வாகம் காட்டிவரும் அக்கறை, பாடத்திட்டக் குழுக்களே பொறாமைப்படத்தக்கது.

தற்போது நடைமுறையில் உள்ள ஒழுங்கின்படி, பூங்கா உணவகத்தில் ஒரு மேசை வேண்டுவோர் 60 நாள் முன்னதாக விடியற்காலையில் செயலியைத் திறந்து காத்திருக்க வேண்டும். இதன் பொருள், ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டு மாதங்களுக்குப் பின்வரும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 5.20க்குப் பசிக்கும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதாகும். அடுத்து, விடுதியில் தங்குவோர் 7 நாள் முன்பாகவும் மற்றோர் 3 நாள் முன்பாகவும் காலை சரியாக 7 மணிக்கு மல்ட்டி பாஸ் வாங்கி மூன்று சவாரிகளுக்கு நேரம் குறிக்க வேண்டும். மிகப் புகழ்பெற்ற சவாரிகள் சில அந்த மூன்றில் அடங்காமல் சிங்கிள் பாஸாகத் தனியே விற்கப்படுகின்றன. இவற்றுக்கிடையே உயர வரம்பு என்ற ஒன்றும் உண்டு: ஸ்பேஸ் மவுண்டனில் ஏற 44 அங்குலமும் டிரான் சவாரிக்கு 48 அங்குலமும் வேண்டும் என்பதால், முன்பதிவு செய்யும் பெற்றோர் பிள்ளையின் பசியோடு வளர்ச்சியையும் கணிக்கும் பொறுப்பை ஏற்கின்றனர். 1971இல் பெரியவர் ஒருவருக்கு 3.50 டாலராக இருந்த நுழைவுக் கட்டணம் (சவாரிச் சீட்டுகள் தனி) 2022 டிசம்பரின் நெரிசல் நாட்களில் 189 டாலரைத் தொட்டது. கட்டணம் தேதிக்குத் தேதி மாறுவதால், நாட்காட்டியைப் பங்குச்சந்தைப் பலகையைப் போல உற்றுநோக்கும் பயிற்சியும் குடும்பங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது.

இத்தனை முன்பதிவும் காத்திருப்பைத் தவிர்க்கவே; அக்காத்திருப்பை ஆராய வரிசை இயல் என்றொரு கணிதத் துறை உண்டு. காத்திருப்போரின் எண்ணிக்கை, அவர்கள் வந்துசேரும் வேகம், காத்திருக்கும் நேரம் ஆகியவற்றின் உறவை ஆராய்வது அதன் பணி. ஒரு வரிசையில் சராசரியாக நிற்போரின் எண்ணிக்கை, வருகை வேகத்தைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கிய தொகைக்குச் சமம் என்று ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி அத்துறையின் அடித்தளங்களுள் ஒன்று. அவ்விதி எந்தச் சலுகைக்கும் மசிவதில்லை. மணிக்கு 1,200 பேரை ஏற்றும் ஒரு சவாரியைக் கற்பனை செய்துகொண்டால், அதன் முன் நிற்கும் 600 பேரின் வரிசை அரை மணியில் கரைந்துவிடும். அந்த 1,200 இடங்களில் 800 கட்டணம் செலுத்தியோருக்கு ஒதுக்கப்பட்டால், அதே 600 பேர் கரைவதற்கு ஒன்றரை மணியாகும். சவாரியின் வேகம் கூடவில்லை, இருக்கை ஒன்றுகூடச் சேரவில்லை. காத்திருப்பு மட்டும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறியிருக்கிறது. கைமாறிய அப்பொருளைப் பெற்றுக்கொள்ள விரும்பாத மற்றொருவரும் கட்டணம் செலுத்த முன்வருவது இயல்பே. 2024 அக்டோபர் இறுதியில் அறிமுகமான பிரீமியர் பாஸ், நேரம் குறிக்கும் தொல்லையே இல்லாமல் லைட்னிங் லேன் உள்ள சவாரி ஒவ்வொன்றிலும் ஒரு முறை விரைந்து நுழையும் உரிமையைத் தருகிறது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டத்துக்கு அதன் விலை ஒருவருக்கு ஒரு நாளுக்கு 449 டாலர், நுழைவுச்சீட்டு நீங்கலாக. மன அமைதிக்கு விலை குறிக்க இயலாது என்று வாதிட்ட மெய்யியலாளர்கள் இனி இத்தொகையை அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்நிலையில்தான் பயண ஆலோசகர் அரங்கினுள் வருகிறார். பயண ஆலோசகர் என்பவர் குடும்பத்தின் சார்பில் விடுதியும் நுழைவுச்சீட்டும் பதிவு செய்து, விடியலில் எழுந்து மேசை பிடித்து, எந்தப் பூங்காவுக்கு எந்த நாளில் செல்வது என்று வகுத்துக்கொடுப்பவர். ஆலோசகர்களுக்கென்றே காலேஜ் ஆஃப் டிஸ்னி நாலெட்ஜ் என்ற பயிற்சியைத் தங்கள் நிறுவனம் நடத்திவருவதும், விடுமுறை எடுப்பது கல்லூரிப் பாடமாகும் அளவுக்கு வளர்ந்திருப்பதும் போற்றத்தக்கவை. ஆலோசகர்களுள் பலர் குடும்பத்திடம் கட்டணம் வாங்குவதில்லை. விற்பனைத் தொகையில் ஒரு பங்கைக் கமிஷனாகத் தங்கள் நிறுவனமே அவர்களுக்கு வழங்குகிறது. முள்ளைத் தூவியவரே பாதையோரத்தில் முள்வாங்கிக் கடையையும் வைத்திருப்பதற்கு ஒப்பான இவ்வேற்பாட்டில் குறைகாண்பது இவ்விண்ணப்பத்தின் நோக்கமன்று. முள்வாங்கி நல்ல தரமானது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. மெய்யாகவே, திறமையான ஆலோசகர் ஒருவர் கிடைத்த குடும்பம் பேறு பெற்றது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரங்களைத் தவிர்க்கவும், வாயில் திறக்கும் முன்பே வந்து நிற்கவும், நண்பகல் வெயிலில் விடுதிக்குத் திரும்பிப் பிள்ளைகளை உறங்கவைக்கவும், நான்கு பூங்காக்களையும் பார்த்தே தீரவேண்டும் என்ற வைராக்கியத்தை விடவும் அவர் கூறும் அறிவுரைகள் எந்தச் செயலியிலும் கிடைக்காதவை.

ஆனால், இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மூன்று நாள் போதும், சிறிய விடுதி போதும், ஒரு நாளை நீச்சல் குளத்தருகே ஒன்றும் செய்யாமல் கழிக்கலாம் என்று ஆலோசகர் கூறும் ஒவ்வொரு நல்ல சொல்லும் அவருடைய கமிஷனைக் குறைக்கிறது. விடியலில் எழுந்து உணவக மேசை பிடிப்பதற்கோ தனிக் கமிஷன் ஏதும் கிடையாது. அறம் பார்க்கும் ஆலோசகர் ஏழையாவதும், ஏழு நாள் பயணத்தைப் பத்து நாளாக நீட்டும் ஆலோசகர் செழிப்பதும் இவ்வமைப்பின் இயல்பான விளைவுகள். எனவே, குறைக்கப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஆலோசகருக்கு ஊக்கத்தொகை வழங்கலாம் என்பது இவ்விண்ணப்பத்தின் முதல் கோரிக்கை. நிர்வாகம் இதை ஏற்கும் என்ற எதிர்பார்ப்பு சிறிதும் இன்றி, முறைமை கருதி மட்டுமே இது இங்கே சேர்க்கப்படுகிறது.

சிரமத்தை நீக்கும் வித்தை தங்கள் நிறுவனம் அறியாதது அன்று என்பதற்குச் சான்று உண்டு. 2005 முதல் 2021 முடிய ஓடிய மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பேருந்து, தங்கள் விடுதிகளில் தங்குவோரை ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து இலவசமாக ஏற்றிச் சென்றது. அதன் காலத்தின் பெரும்பகுதியில் பெட்டிகளும் தாமாகவே அறைக்கு வந்துசேர்ந்தன. அக்காலத்தில் பெட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு தாத்தா புளோரிடாவில் இறங்க முடிந்தது. 1967இல் உருவான ரீடி கிரீக் என்ற தனி நிர்வாக மாவட்டத்தின் வாயிலாக, சட்டப்படி அணுமின் நிலையம் கட்டும் அதிகாரத்தையே கையில் வைத்திருந்த ஒரு நிறுவனம், 2023இல் அம்மாவட்டம் புதிய பெயரும் புதிய நிர்வாகமும் பெற்ற பின்னரும், ஒரு பேருந்தை இயக்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்று நம்புவது கடினம்.

இரண்டாவதும் முதன்மையானதுமான கோரிக்கை, திட்டமிடலையே ஐந்தாவது பூங்காவாக அறிவிப்பது குறித்தது. அதன் நடுவில் அமையும் மண்டபத்தில் சுழல் நாற்காலிகள் போடப்பட்டு, பெற்றோர் அவற்றில் பட்டை கட்டி அமர, எதிரே உள்ள மாபெரும் திரையில் காலை 7 மணி நெருங்கும், 6.59க்கு விளக்குகள் அணையும். சரியாக 7க்குத் திரை உறைந்து, மீண்டும் முயலவும் என்ற வாசகம் தோன்றும்போது நாற்காலிகள் திடீரென்று கீழிறங்கும். உலகின் எந்த ரோலர் கோஸ்டரும் தராத அச்சத்தை இது தரும் என்பது உறுதி. இதற்கான வரிசை நீளும் என்பதால் லைட்னிங் லேன் விற்கலாம். அந்த லேனை முன்பதிவு செய்வதற்கு வேறொரு மண்டபம் தேவைப்படும். ரைடர் ஸ்விட்ச் என்ற தங்கள் நல்ல வழக்கத்தையும், அதாவது உயரம் போதாத குழந்தையுடன் ஒரு பெற்றோர் வெளியே நிற்க மற்றவர் சவாரி செய்து திரும்பியதும் முதலாமவர் மீண்டும் வரிசையில் நிற்காமலே ஏறிக்கொள்ளும் ஏற்பாட்டையும், இப்பூங்காவுக்கு விரிவுபடுத்த வேண்டும்: ஒருவர் திட்டமிடும்போது மற்றவர் உறங்கலாம். இப்பூங்காவிலும் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு இலவச அனுமதி தொடரலாம். அவர்கள் ஏற்கெனவே விடுமுறையில் இருக்கின்றனர்.

இவ்விண்ணப்பத்தின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை விண்ணப்பதாரர்களுக்குத் தெரிவிக்கும் கடிதம் காலை 7 மணிக்கு அனுப்பப்படாதிருக்கவும், அக்கடிதத்தைத் திறந்து படிப்பதற்கு முன்பதிவு தேவையெனில் அதற்கான நாள் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகத் தங்கள் ஆலோசகர் வழியே அறிவிக்கப்படவும் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
அடுத்த ஆண்டு ஓய்வெடுக்க எண்ணியிருக்கும் குடும்பங்கள் சார்பில்.

நகல்: பயண ஆலோசகர்கள் (கமிஷன் பிடித்தம் இன்றி).