பூனைக்கும் தோழன்: காவிரிப் படுகைத் தெருப்பூனை நட்புறவு, ஓர் ஆய்வு

காவிரிப் படுகையின் நெல்லைப் பற்றி எழுதாத ஆய்வாளர் இல்லை. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டு கடந்தும் நெல்லுக்குப் பெயரும் எண்ணும் இட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நெல்லைத் தின்னும் எலிக்கும் மரியாதையில் குறைவில்லை. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் எலிப்பொறிக்கு ஊர்ப் பெயரையே சூட்டித் 'தஞ்சாவூர் கிட்டி' என்கிறார்கள். ஆந்தைக்குக்கூட, ராத்திரி உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று வயலில் குச்சி நட்டுவைக்கச் சொல்கிறார்கள் வேளாண்மைத் துறையினர். பூனைக்கு ஒரு குச்சி உண்டா? ஒரு பொறி, ஒரு துறை, ஒரு முனைவர் பட்டம் உண்டா? வேறு யாரும் முன்வராத காரணத்தால் இந்தக் குறையைப் போக்கும் பொறுப்பை இக்கட்டுரையாளர் ஏற்கிறார்.

ஆய்வு எல்லை: வடக்கே கொள்ளிடம், மேற்கே கல்லணை, கிழக்கே வங்கக் கடல், தெற்கே எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர். ஆய்வுப் பொருளான பூனை இந்த எல்லையை ஏற்கவில்லை. அதன் எல்லை ஐயனார் கோயில் ஆலமரத்தில் தொடங்கிப் பால் சொசைட்டி வாசலில் முடிகிறது. கொள்ளிடத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

முதலில் முன்னாய்வுகள். பூனைக்கும் மனிதருக்கும் உள்ள உறவுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று சைப்ரஸ் தீவில் இருக்கிறது. சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரைப் புதைத்த குழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். மனிதர் தானியம் சேர்த்தார், எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது, யாரும் கூப்பிட்டு வரவில்லை என்பதுதான் தொல்லியலார் சொல்லும் வரலாறு. நம் தொல்காப்பியர் மரபியலில் எலியையும் வெருகு என்னும் பூனையையும் கீரி, அணிலோடு சேர்த்து ஒரே நூற்பாவில் அடைத்துவிட்டார். அந்த நூற்பாவுக்குள் அன்றிரவு என்ன நடந்தது என்று உரையாசிரியர்கள் யாரும் எழுதவில்லை.

மாமல்லபுரச் சிற்பி இன்னும் ஒரு படி மேலே போனார். 7ஆம் நூற்றாண்டில், முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிக் காலடியில் கூடிய எலிகளையும் பாறையில் செதுக்கிவைத்தார். கள ஆய்வு என்றால் அதுதான். மீன் கழுவும் நேரத்தில் எங்கள் மதிலில் வந்து உட்காரும் கடுவன் பூனையின் முகத்தில் அதே வைராக்கியத்தை இன்றும் காணலாம்.

அக்கிரகாரத்து வாய்மொழிக் கதை ஒன்றையும் ஆவணமாகக் கொள்ள வேண்டும். திதி நேரத்தில் குறுக்கே வந்த வீட்டுப் பூனையை அப்பா கூடையால் கவிழ்த்து மூடினார். அவர் காலத்துக்குப் பிறகு வீட்டில் பூனை இல்லை. பிள்ளை ஊரெல்லாம் அலைந்து ஒரு தெருப்பூனையைப் பிடித்து வந்து, கூடையால் மூடிய பிறகுதான் சாஸ்திரிகளை மந்திரம் சொல்லவிட்டான். காரணம் தெரியாமல் சடங்கு செய்வதைக் கேலி பண்ணவே இந்தக் கதையைச் சொல்லிவருகிறார்கள். தத்தெடுப்பு வரலாற்றில் இதற்குள்ள இடத்தை யாரும் கவனிக்கவில்லை. ஒரு குடும்பம் தெருப்பூனையைத் தேடிப் போய், வீட்டுக்குள் அழைத்துவந்து, உட்கார இடமும் ஒரு பொறுப்பும் கொடுத்திருக்கிறது. கூடையைத் தூக்கியதும் பூனை எந்தத் திசையில் போயிற்று என்பது மட்டும் கதையில் இல்லை.

இனி நம் கருதுகோள். தெருப்பூனை என்று தனியாக ஓர் இனம் கிடையாது. தஞ்சைச் சீமையில் நாம் தெருப்பூனை என்று சொல்வது, ஆட்குறைப்பில் வேலை போன ஊழியரை.

நெல் வீட்டுக்குள் இருந்த காலம் ஒன்று உண்டு. கூடத்தில் பத்தாயம், ரேழியில் குதிர். கோயில்களில் இன்னும் பெரிது. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. செங்கல்லில் வட்டமாக எழுப்பியது, 3,000 கலம் பிடிக்கும் என்கிறார்கள். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று போட்டால் 36,000 மரக்கால். அவ்வளவு நெல்லையும் காவல்காரரும் கணக்குப்பிள்ளையும் மட்டுமே காத்தார்கள் என்று நம்புகிறவர்கள் எலியைப் பார்த்ததில்லை. சம்பளப் பட்டியலில் பெயர் வராத ஊழியர் ஒருவர் ராத்திரி முறையில் இருந்தார். இரண்டு கால் ஊழியர்களுக்கு மானியம் விட்டார்கள், அவருக்கு மிஞ்சியது திருட்டுப்பட்டம்.

இப்போது அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியதும் நெல் டிராக்டரில் ஏறி நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. நுகர்பொருள் வாணிபக் கழகத்தார் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். வீட்டுக்கு வருவது ரசீது ஒன்றுதான். ரசீதை எலி கடிக்கலாம், அதற்காக ஒரு பூனையை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. உலை அரிசி கடையிலிருந்து 25 கிலோ பையில் வருகிறது. பத்தாயத்தைப் பழைய மரச்சாமான் வியாபாரி விலைபேசி வாங்கிப் போய்விட்டார், ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் அது பூந்தொட்டி சுமக்கிறது. பத்தாயத்துக்கு விலை வந்தது, பூனைக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. ஆகவே திண்ணையில் வந்து உட்காரும் பூனை பிச்சை கேட்கவில்லை, நிலுவை கேட்கிறது. அதோடு பழகப் போகிறவர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

நட்புக்கு உகந்த காலம் ஐப்பசி, கார்த்திகை. அடைமழையில் வயல் வெள்ளக்காடானதும் எலி வரப்பில் ஏறும், வரப்பும் முழுகினால் வீட்டுக்கு வரும். நனையப் பிடிக்காத பூனையும் அதே வீட்டுத் திண்ணைக்கு வரும். சம்பா அறுக்கிற தை மாதத்தில் நீங்கள் என்னதான் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது, வயல் முழுக்கப் பந்தி நடக்கிறது. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்துப் பூனையின் நட்பு முன்பின் ஆகிறதா என்பதைப் நீர்வளத் துறையோடு சேர்ந்துதான் ஆராய முடியும்.

ஆய்வு நெறிமுறையில் எல்லாரும் செய்யும் பிழை, பால் கிண்ணம். கம்பர் தேரழுந்தூர்க்காரர், அசல் படுகைவாசி. இராமகாதை பாட வந்த தம்மை, பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புறப்பட்ட பூனைக்கு ஒப்பிட்டு அவையடக்கம் சொன்னார். கால்நடை மருத்துவம் இங்கே ஒரு திருத்தம் சொல்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது, ஒரு கிண்ணத்துக்கே வயிறு போகும். அந்தக் கடற்கரையில் பூனைக்கு நேர்ந்திருக்கக்கூடியது கம்பர் நினைத்ததைவிட மோசம். பாசம் மிகுந்து சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர்த்தும் மரபணு அந்தக் குடும்பத்தில் செயலற்றுப் போயிருப்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். தெனாலிராமன் வீட்டுப் பூனை பாலைக் கண்டதும் ஓடியது சூட்டுக்குப் பயந்து மட்டும்தானா என்பது மறு ஆய்வுக்குரியது.

அரிசி ரகத்தையும் சோதித்தோம். ஒரு கொட்டாங்கச்சியில் ஆடுதுறை 43, ஒன்றில் பொன்னி, ஒன்றில் மாப்பிள்ளைச் சம்பா. மூன்றிலும் சம அளவு அவித்த மத்தி மீன் பிசைந்து கொல்லையில் வைத்தோம். மூன்றிலும் மீன் காணாமல் போயிற்று, மூன்றிலும் சோறு அப்படியே கிடந்தது. நூறாண்டு நெல் ஆராய்ச்சிக்குப் பூனையின் பங்களிப்பு இவ்வளவே.

உண்மையான களம் காலை எட்டு மணிக்குத் தெருவில் திறக்கிறது. நாகப்பட்டினத்து மீனோடு டிவிஎஸ் 50 முக்குத் திரும்பும்போதே, ஆரன் அடிக்கும் முன்னால், மதில்களில் தலைகள் தெரியும். எங்கள் வீட்டில் அப்பாயி கொல்லையில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, கையில் சாம்பல் தொட்டுக்கொண்டு கெண்டையைச் செதில் சீவுவார். பூனை சரியாக ஒரு கை நீட்டுத் தூரத்தில் உட்காரும், அதற்குமேல் ஒரு விரற்கடை நெருங்காது. முன்கால்களைச் சேர்த்து வாலை அவற்றின்மேல் சுற்றி வைத்துக்கொண்டு, மீனைப் பார்க்காமல் துணிக்கொடியைப் பார்க்கும். காது மட்டும் அரிவாள்மணைப் பக்கம். செவுளைப் பிய்க்கும் சத்தம் வேறு, குடலை இழுக்கும் சத்தம் வேறு என்பது அதற்குத் தெரியும். செவுளுக்கு அசையாது. குடல் தரையில் விழும் முன் எழுந்துவிட்டிருக்கும்.

தகவலாளி ஒன்று, அப்பாயி. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தோற்ற கட்டுரையாளரிடம் அவர் சொன்னது: "நீ ஏன்டா அதப் போயி பூஸு பூஸுன்னு கெஞ்சுற? ஒன் சோலியப் பாரு. அது ஒன்னப் பாத்துக்கும்." தகவலாளி இரண்டு, மீன்காரர்: "நம்ம வாடிக்கதாங்க. காசு மட்டுந்தான் குடுக்காது."

அப்பாயி வெறுமனே அனுபவத்தில் சொன்னதை 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து அச்சிட்டார்கள். பூனையை முறைத்துப் பார்க்காமல், கண்ணை மெல்லச் சுருக்கி மெல்ல மூடித் திறந்தால், அதுவும் அப்படியே செய்கிறது, அருகே வரவும் தயங்குவதில்லை. பூனைகளின் ஊரில் அதுதான் வணக்கம் போலிருக்கிறது. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுபோகுமா என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவருகிறோம். அது உலகத்தை இருட்டடிக்கப் பார்க்கவே இல்லை, நம்மிடம் நலம் விசாரித்திருக்கிறது. அந்தப் பழமொழியைத் திரும்பப் பெற வேண்டும் என்பது இவ்வாய்வின் இடைக்காலப் பரிந்துரை.

நெருங்கியாயிற்று. அடுத்த வினா, யார் யாரைச் சேர்த்துக்கொள்வது? இது காவிரிக்குப் பழகிய வினாதான். ஸ்ரீரங்கம் கல்லணைக்கு மேற்கே, ஆய்வு எல்லைக்கு வெளியே இருக்கிறது. பெருமாளை முன்னிட்டு எல்லையைச் சற்றுத் தள்ளிக்கொள்கிறோம். பெருமாளை அடையும் வழியில், வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாருக்குக் குரங்குக்குட்டி நியாயம்: குட்டிதான் தாயை இறுகப் பற்ற வேண்டும். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாருக்குப் பூனைக்குட்டி நியாயம்: குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்வித் தூக்கிப் போய்க் கரைசேர்க்கும். இரண்டையும் கொல்லையில் வைத்துச் சோதித்தோம். கவ்வித் தூக்கும் முறை வளர்ந்த பூனையிடம் செல்லாது, முன்கையில் சான்று இருக்கிறது. பற்றிக்கொள்ளும் முறையைப் பூனை கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. கடைசியில் பலித்தது இரண்டு தரப்பும் சும்மா கிடப்பது. இதற்கு இன்னும் எந்த ஆசாரியரும் பெயர் வைக்கவில்லை. இத்தனை நூற்றாண்டு வாதத்தில் பூனையின் கருத்தையும் யாரும் கேட்டதில்லை.

முன்கைச் சான்று உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் தடவிக்கொண்டு நிற்க வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பூனையால் அந்த நோய் வராது என்று தெருவில் சொல்பவர்கள் அங்கே வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். பூனைக்கும் செய்யக்கூடாதவை சில. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் அதற்கு விஷம், கால் மாத்திரைகூட ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்துக்குக் கேடு, ஆகையால் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு நம்மோடு நிற்கட்டும்.

பெயரிடலில் ஒரு சிக்கல். பூனைக்குத் தன் பெயர் தெரியும், மற்றச் சொற்களிலிருந்து அதைப் பிரித்து அறிகிறது என்று 2019இல் தோக்கியோவின் சோபியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். தெரிந்தால் வரவேண்டும் என்று கட்டாயமில்லை என்பதை அவர்களும் மறுக்கவில்லை. எங்கள் பூனை எங்களுக்குக் கலியமூர்த்தி, எதிர் வீட்டு ஆச்சிக்கு பட்டு, கோடி வீட்டில் ராஜா. ஒரே நேரத்தில் மூன்று குடும்ப அட்டையில் பெயர் உள்ள ஜீவன் இந்தத் தெருவில் அது ஒன்றுதான். பங்குனியில் கலியமூர்த்தி மூன்று குட்டி போட்டதும் அட்டையில் திருத்தம் கோரும் நிலை எங்களுக்கும் கோடி வீட்டாருக்கும் வந்தது. ஆச்சிக்கு மட்டும் திருத்தம் தேவைப்படவில்லை.

குட்டி விஷயம் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் மனிதக் கை பழகிய குட்டிக்கு மனிதரிடம் பயம் இருக்காது. அந்தக் காலம் தவறினால் மேலே சொன்ன நீண்ட வழிதான். ஆனால் அந்த வாரங்களில் குட்டி எங்கே இருக்கிறது? பத்தாயத்தடி போன பிறகு, பரண் போய் மாடிவீடு வந்த பிறகு, தாய்ப்பூனைக்கு மிச்சமிருந்த பிரசவ இடம் வைக்கோல் போர் ஒன்றே. அதையும் இப்போது வயலிலேயே இயந்திரம் உருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது.

இன்னும் போர் போட்டு வைத்திருக்கிற வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். மாசி, பங்குனியில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது மேலிருந்து எடுங்கள், அடியில் கையை விட்டு உருவாதீர்கள். குட்டிகள் கண்ணில் பட்டால் உடனே தூக்க வேண்டாம், கையை எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தினமும் அதே நேரத்துக்கு அவித்த மீன் கொஞ்சம் கொண்டுபோய்த் தாய்க்கு வையுங்கள். குட்டிகள் பால் மறந்ததும் தாயை ஒரு கூடையில் வைத்து மூடி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் நாள் கேளுங்கள். மூடிய கூடையில்தான் கொண்டுபோக வேண்டும், திறந்த பையில் வைத்துப் பேருந்தில் ஏறாதீர்கள்.