வழி தப்பிய ரூபாயின் இயங்கியல்: ஒரு கள ஆய்வு

ரூபாய்க்கு இரண்டு வேகங்கள் உண்டு என்பது இவ்வாய்வின் கருதுகோள். வங்கியிடமிருந்து தவறி நம்மிடம் வந்த ரூபாய் ஒரு வேகத்தில் திரும்பும். நம்மிடமிருந்து தவறி வங்கிக்குள் போனது வேறு வேகத்தில் திரும்பும்.

முதல் வேகத்துக்கான சான்று 2023 செப்டம்பரில் சென்னையில் கிடைத்தது. வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வந்து விழுந்தது. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தவர், சோதித்துப் பார்க்க நண்பருக்கு 21,000 அனுப்பினார்; போய்ச் சேர்ந்தது. அரை மணி நேரத்துக்குள் மிச்சத்தை வங்கி எடுத்துக்கொண்டது. அதற்காக வங்கி அவரிடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காத்திருந்ததாகத் தரவு இல்லை.

இரண்டாம் வேகத்துக்கு நானே களப்பணி செய்ய நேர்ந்தது. பணம் போடும் இயந்திரத்தில் இருபது ஐந்நூறு ரூபாய்த் தாள்களை வைத்தேன். கடகடவென்று எண்ணியது, விழுங்கியது, திரை அணைந்தது. சீட்டு வரவில்லை. அன்று நான்காம் சனிக்கிழமையாதலால் ஆய்வு திங்கள்வரை ஒத்திவைக்கப்பட்டது.

திங்களன்று கவுன்ட்டரில் கிடைத்த வாய்மொழித் தரவுகள்: "சர்வர் ஸ்லோ சார், சாயந்திரம் வாங்க." "மெஷின ஏஜென்சிக்காரங்கதான் தொறக்கணும் சார்." கடைசியாக மேனேஜர்: "எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பணம் எங்கயும் போகாது, சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல இருக்கும்."

சினிமாவில் சஸ்பென்ஸ் இரண்டரை மணி நேரத்தில் உடைந்துவிடும். வங்கியில் அது ஒரு சத்திரம். இயந்திரத்தைத் திறந்து, உள்ளிருக்கும் தாள்களை எண்ணி, அதன் பதிவோடு ஒப்பிட்டு, கூடுதலாக இருப்பது இன்னாருடையது என்று தெரியும்வரை ரூபாய் அங்கே திண்ணையில் படுத்திருக்கும். சொந்தக்காரன் வெளியே நிற்பான்.

பணம் போடுவதை விடுங்கள்; எடுக்கும்போது ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஐந்து நாள் என்பது 240 அரை மணி. ஆக, விதிப்படியே வங்கியின் ரூபாய் நம் ரூபாயைவிட 240 மடங்கு வேகம். என் பத்தாயிரமோ கருமாதிக் கணக்காகப் பதினாறாம் நாள் வந்தது: 768 மடங்கு. என் முதல் கடிதம் "வரவே இல்லை" ஆகிவிட்டதும் இந்தத் தாமதத்தில் சேர்த்தி.

முப்பது நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; 14448-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். அதற்கு முன், வாசகரே, கடித நகலில் தேதியோடு சீல் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.