மிச்ச நேரத்துப் பாட்டுகள்

எண்பதுகளில் எங்கள் திருச்சியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், சாமி படத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது கேசட் ஸ்டாண்டாகத்தான் இருக்கும். வந்தவர் அதன் முதுகுகளை ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். எனவே முன்வரிசை விருந்தாளிக்கு, பின்வரிசை நமக்கு. எங்கள் வீட்டு முன்வரிசையில் மகாராஜபுரம் சந்தானம், மாண்டலின் ஸ்ரீனிவாஸ், இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. பின்வரிசையில் டி.ராஜேந்தர், எல்.ஆர்.ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுகள், போனி எம். முன்வரிசையைக் காட்டியே ரொம்ப காலம் நல்ல ரசிகன் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது அத்தனையையும் ஒன்றுவிடாமல் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பரணைக் காலி பண்ண வேண்டும். “கேக்காததை எல்லாம் பேப்பர்காரர்கிட்ட போட்டுருங்க” என்றாள் மனைவி. பேப்பர்காரர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எடைக்குப் போகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய டெக்கில் ரப்பர் பெல்ட் உருகிக் கரும்பசையாகக் கிடந்தது. புது பெல்ட் போட்ட மெக்கானிக், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, அதன் பக்கத்தில் இருக்கிற குட்டி ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்பினார். அதுவரை போர்வைக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்த ஜேசுதாஸ் சட்டென்று வெளியே வந்தார்.

இந்தத் தெளிவு அன்று எங்களுக்கு இருந்ததா என்றால், இல்லை. ஆனால் இருந்ததாக நினைத்துக்கொண்டோம். ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்தால் பேஸ் பிரமாதமாக வரும் என்று தெருவுக்கு நாலு பானை ஸ்பீக்கர் இருந்தது. கல்ஃபிலிருந்து வந்த உறவினர்கள் கொண்டுவரும் குரோம் டேப்புக்குத் தனி மரியாதை. குரோம் டேப்பை அதற்குரிய சுவிட்ச் உள்ள டெக்கில்தான் போட வேண்டும்; சாதாரண டூ இன் ஒன்னில் போட்டால் ட்ரெபிள் அளவுக்கு மீறிக் கூசும். அந்தக் கூச்சத்தைத்தான் “குரோம்னா குரோம்தான், சலங்கை சத்தம் எப்படிக் கேக்குது பாரு” என்று சிலாகித்தோம். மின்சாரம் போனால் பேட்டரி. பேட்டரி இறங்க இறங்க எஸ்.ஜானகி மெதுவாக ஆண்குரலுக்கு மாறுவார். அதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தோம்.

முதலில் முன்வரிசை. ‘ஹவ் டு நேம் இட்’ 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை என்று போட்டிருந்ததாலேயே அதை வாங்காமல் இருப்பது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ‘மேட் மாட் மூட் ஃப்யூக்’ என்ற தலைப்பை மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு மதிப்பு இருந்தது. காபி வந்ததும் யாராவது “பாட்டு எதுவும் இல்லையா?” என்பார்கள். இன்று கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் தெரிகிறது. சில இடங்களில் தாளக் கருவிகள் வந்து இடைஞ்சல் பண்ணுகின்றன. ஆனால் பாக்கின் தனி வயலின் பிரெலூடுக்குப் பக்கத்தில் நம்மூர் வயலின் வந்து நின்று பேச ஆரம்பிக்கும் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ இருக்கிறதே, அதை ஒரே நாளில் திரும்பத் திரும்பப் போட்டேன். வி.எஸ்.நரசிம்மனின் வில் அது. இதை வாங்கிய வயதில் இதைக் கேட்டிருக்கிறேனா என்றே எனக்குச் சந்தேகம். காட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கேசட்டில் அன்று எல்லோருக்கும் பிடித்தது வேகம். அந்தப் பையன் எப்படி வாசிக்கிறான் பார் என்று வாய்பிளந்தோம். அவர் 2014இல் 45 வயதில் போய்விட்டார். இப்போது அந்த வேகமான இடங்களை ஓட்டிவிட்டு, ஆலாபனையில் அவர் ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்தும் இடத்துக்காகக் காத்திருக்கிறேன். சந்தானத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அப்பா வாங்கியது, அப்பாவுக்குப் பிடித்தது, இப்போது எனக்கும் பிடிக்கிறது. வயதாகிறது என்று அர்த்தம்.

விஷயமே பின்வரிசையில்தான். டி.ராஜேந்தரைக் கல்லூரியில் எங்கள் கூட்டம் கிண்டலடிக்காத நாள் இல்லை. தாடி, அடுக்குமொழி, கண்ணீர், எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் ‘உயிருள்ளவரை உஷா’, ‘மைதிலி என்னை காதலி’ இரண்டும் எல்லோர் பெட்டியிலும் துணிக்கு அடியில் இருந்தன. இன்று நிதானமாகக் கேட்டுச் சொல்கிறேன்: பல்லவியை ஒரே கேட்பில் மனதில் ஏற்றுகிற வித்தையில் அவர் காலத்து இசையமைப்பாளர்களில் இரண்டு பேருக்குத்தான் அவர் பின்னால் நிற்க வேண்டும். தாளத்தில் அவர் வைத்த உருட்டல்கள் இன்னும் துள்ளுகின்றன. வரிகளை மன்னித்துவிடலாம். சில வரிகளை மட்டும் முடியாது.

ஈஸ்வரி கதை வேறு. ஆடி மாதம் முழுக்க முக்குக்கு முக்கு குழாய் ஸ்பீக்கரில் அதிகாலையிலேயே அவர் குரல்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் சாபம் அத்தனையும் அவர் மேல் விழுந்தது. குழாய் இல்லாமல், வீட்டுக்குள், மெல்லிய சத்தத்தில் அந்தப் பாட்டுகளை முதன்முறையாக இப்போதுதான் கேட்கிறேன். ‘சிவந்த மண்’ணில் சவுக்கடிக்கு நடுவே பாடிய அதே தொண்டை, ஒரு சுருதி மாறாமல், மாரியம்மன் முன்னால் நிற்கிறது. சினிமாவில் கிளப் டான்ஸுக்கென்று ஒதுக்கி வைத்த குரலை அம்மன் ஒதுக்கவில்லை. அவருக்குப் பிறகு ஆடி மாதத்துக்கென்று பாடியவர்கள் எல்லோருமே அவரைப் போலப் பாடப் பார்த்தவர்கள்தான். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் இருக்கும் அதட்டல் மட்டும் யாருக்கும் வரவில்லை. மகாராஜபுரத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய கேசட் இது. வைத்துவிட்டேன்.

போனி எம் கேசட்டை ‘ஒரிஜினல்’ என்று சத்தியம் பண்ணி பர்மா பஜாரில் விற்றார்கள். அட்டையில் எழுத்துப் பிழை இருந்தது. பாபி ஃபாரல் ஆடுவதை வீடியோவில் பார்த்துவிட்டு அவர் குரலைப் போலவே அடித்தொண்டையில் பாடிப் பழகினான் எங்கள் தெருவில் ஒருத்தன். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, ரெக்கார்டில் கேட்கும் அந்த ஆண்குரல் ஃபாரலுடையதே அல்ல, தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது என்று. மேல்நாட்டில் இதை மோசடி என்று பேசினார்களாம். நமக்கு இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது? என் கேசட்களில் பாதி ‘மைக்’ மோகன் படங்கள். முகம் மோகன், வசனம் எஸ்.என்.சுரேந்தர், பாட்டு எஸ்.பி.பாலசுப்ரமணியம். மூன்று பேர் சேர்ந்து ஒருவராக நின்று காதலித்தார்கள், நாங்களும் கூடவே நின்று உருகினோம். அந்த உருகலில் ‘பயணங்கள் முடிவதில்லை’க்கு இன்னும் ஈரம் இருக்கிறது. ஆனால் ‘சோக கீதங்கள்’ என்று பட்டியல் போட்டு நானே பதிவு செய்துவைத்த கேசட்டை முழுசாகக் கேட்க முடியவில்லை. எஸ்.பி.பி. மேல் குற்றமில்லை. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காதல் தோல்வியை யாரால் தாங்க முடியும்? அப்போது எனக்கு ஒன்றுகூட இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ இரண்டும் 1986. கம்ப்யூட்டர் இசை என்று சொல்லித்தான் வாங்கினோம். அவற்றில் இன்று மிகவும் பழசாகக் கேட்பது அந்தக் கம்ப்யூட்டர் பகுதிகள்தான். ‘ஜானி’யில் ஜென்சி பாடிய பாட்டுக்கு வருடமே தெரியவில்லை.

பதிவு செய்துவைத்த கேசட் என்றேன். சேகரிப்பில் பெரும்பகுதி அந்த ரகம்தான். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போய், வெற்று டிடிகே 60 ஒன்றையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். பக்கத்துக்கு முப்பது நிமிடம், பக்கத்துக்கு ஆறு பாட்டு, சில சமயம் ஏழு. கடைக்காரர் பட்டியலை வாய்விட்டுப் படிப்பார். படித்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததில் எல்லாம் இருக்கும்.

கணக்கு சரியாக வராத பக்கங்களில் கடைசியில் மூன்று நிமிடம், நான்கு நிமிடம் மிஞ்சும். வேறு கடைகளில் அடுத்த பாட்டை ஆரம்பித்து டேப் தீரும் இடத்தில் அறுத்துவிடுவார்கள். இன்றும் சில பாட்டுகள் டிவியில் வரும்போது, இரண்டாவது சரணத்தில் பாதியில் என் காது தானாக நின்றுவிடும். அதற்குமேல் பாட்டு இருக்கிறது என்பதே ஆச்சரியமாக இருக்கும். இவர் அப்படி அறுக்க மாட்டார். மிச்ச நேரத்துக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு பாட்டைத் தானே தேர்ந்தெடுத்துப் போடுவார். அட்டையில் நம் பாட்டுகளை நீல மையில் எழுதி, தன்னுடையதைச் சிவப்பு மையில் எழுதுவார். அதற்குக் காசு கிடையாது.

‘சகலகலா வல்லவன்’ புத்தாண்டுப் பாட்டோடு முடிகிற ஒரு பக்கம் என்னிடம் இருக்கிறது. ஊரே ஆடிய பாட்டு. அது முடிந்து, டேப் இரைச்சல் இரண்டு விநாடி. அடுத்து ‘பாதை தெரியுது பார்’ டூயட். 1960இல் வந்த படம், எம்.பி.ஸ்ரீனிவாசன் இசை, எழுதியவர் ஜெயகாந்தன், பாடியவர்கள் பி.பி.ஸ்ரீனிவாஸும் எஸ்.ஜானகியும். கமல்ஹாசன் குதித்துவிட்டுப் போன மேடையில் இதை ஏற்றுகிற துணிச்சல் ஒரு ரெக்கார்டிங் கடைக்காரருக்கு இருந்திருக்கிறது. அன்று புத்தாண்டுப் பாட்டு முடிந்த கையோடு ‘ரீவைண்ட்’ பட்டனை அமுக்குவேன். இன்று சிவப்பு மைக்காக அந்தப் பக்கம் முழுவதையும் காத்திருந்து கேட்கிறேன்.

அவருக்கென்று ஒரு திட்டம் இருந்திருக்கிறது என்பது எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பியபோதுதான் புரிந்தது. ‘நீர்க்குமிழி’யிலிருந்து பாலசந்தரின் தொடக்க காலப் படங்களுக்கு இசையமைத்த வி.குமார் அடிக்கடி வருகிறார். ஷியாம் வருகிறார். இளையராஜா வந்தாலும் ஓடாத படத்து இளையராஜாதான். ஹிட்டான பாட்டு ஒன்றுகூடச் சிவப்பில் இல்லை. என்னைப் போல எத்தனை பேர் வீட்டு அலமாரிகளில் மூன்று நிமிடம் மூன்று நிமிடமாகத் தன்னைப் பதிவு செய்து வைத்தாரோ மனிதர். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

பாட்டே இல்லாத ஒரு கேசட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. ‘திருவிளையாடல்’ கதை வசனம். எங்கள் வீட்டில் மிக அதிகமாக ஓடியது அதுதான். நாடா நைந்து சிவாஜியின் குரல் இடையிடையே தள்ளாடுகிறது. தருமி மண்டபத்தில் புலம்பும் பகுதி மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. நாகேஷுக்கு முன்னால் நாடாவே பயந்திருக்கும். டீக்கடை, கல்யாண வீடு, காதுகுத்து எல்லாவற்றிலும் இதைத்தான் போட்டார்கள். என் தலைமுறைக்கு இலக்கண வழு, சொற்குற்றம், பொருட்குற்றம் எல்லாம் தெரியவந்தது தமிழாசிரியரால் என்று சொன்னால் அவர்களே நம்ப மாட்டார்கள்.

கடைசியாக எடுத்தது 1992 கேசட்கள். அந்த வருடம் பாலசந்தரின் கவிதாலயாவிலிருந்து மூன்று படம், மூன்று இசையமைப்பாளர்: ‘அண்ணாமலை’க்கு தேவா, ‘வானமே எல்லை’க்கு மரகதமணி, ‘ரோஜா’வுக்கு ஏ.ஆர்.ரகுமான். மரகதமணிதான் 2023இல் ஆஸ்கர் வாங்கிய கீரவாணி. அன்று அவரைப் பற்றிச் சண்டை போட யாரும் தயாராக இல்லை. சண்டையெல்லாம் ரகுமானா ராஜாவா என்பதில். நான் அப்போது திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தேன். ஆகஸ்டில் ‘ரோஜா’, தீபாவளிக்கு ‘தேவர் மகன்’. அறை நண்பன் ரகுமான் கட்சி, நான் ராஜா கட்சி. இது வெறும் கீபோர்டு, ஆறு மாதத்தில் காணாமல் போகும் என்பது என் வாதம். கிராமத்துப் பாட்டையே எத்தனை வருஷம் கேட்பாய் என்பது அவன் வாதம். ஒரே டேப் ரிக்கார்டர் என்பதால் ஒற்றைப்படை நாள் அவனுக்கு, இரட்டைப்படை நாள் எனக்கு.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். ‘தேவர் மகன்’ வயலின்கள் நேற்று வாசித்த மாதிரி இருக்கின்றன. இதில் எனக்கு ஆச்சரியமில்லை. ‘ரோஜா’வில் கீபோர்டு மினுமினுப்பு 1992 என்று முத்திரை குத்தியே வருகிறது. ஆனால் அதற்குள் அந்த இருபத்தைந்து வயதுப் பையன் விட்டுவைத்திருக்கும் இடைவெளி! மின்மினியின் குரலைச் சுற்றி ஒன்றும் இல்லாமல் காற்றாட விட்டிருக்கிறார். அதற்கு முன் நம் சினிமாப் பாட்டில் யாரும் இவ்வளவு சும்மா இருந்ததில்லை.

இதைச் சொல்லலாமென்று நண்பனுக்குப் போன் பண்ணினேன். கோயம்புத்தூரில் பேரனோடு இருக்கிறான்.

“ரோஜா கேட்டுட்டு இருக்கேன்டா. என்னமா பண்ணியிருக்கான்!”

“அது வெறும் கீபோர்டுடா” என்றான். “நான் அப்பவே சொன்னேன்ல, ராஜாதான்னு.”

“நீ எங்கடா சொன்ன? நான்தானேடா சொன்னேன்!”

“போடா, ஒத்தைப்படை நாள் பூரா ரோஜாவைப் போட்டு என் உசுர எடுத்தது யாரு?”

பேரன் அழுகிறான் என்று போனை வைத்துவிட்டான். சாயங்காலம் திரும்பக் கூப்பிட வேண்டும்.