கொசுவுக்கு நெஞ்சழுத்தம் அதிகம்!

கேள்வி: டெங்கு என்றால் எல்லோரும் பிளேட்லெட் கணக்கையே பார்க்கிறார்களே, கொசு இதயத்தையும் பதம் பார்க்குமா?
– வாசகர், காலாப்பட்டு

பதில்: பார்க்கும். டெங்கு, சிக்குன்குனியா இரண்டுமே சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். காய்ச்சல் விட்ட கையோடு நாடி மெதுவாகத் துடிப்பதும் உண்டு. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ ‘காய்ச்சல் அசதி’ என்று சுருண்டு படுக்காதீர்கள். உடனே பிம்ஸ் மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுங்கள். உங்கள் ஊரிலேயே மருத்துவக் கல்லூரியை வைத்துக்கொண்டு பப்பாளி இலையை அரைப்பானேன்? நெஞ்சு வலிக்கிறதே என்று நீங்களாக ஆஸ்பிரினும் போடாதீர்கள், டெங்குவில் ரத்தக்கசிவு கூடும். புதுச்சேரியில் 1975 முதல் கொசுவுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. கொசு அசரவில்லை. மாடித் தொட்டிக்கு நீங்கள் மூடி வாங்கினால்தான் அதற்குப் படபடப்பு வரும்!