சைலன்சரால் பெருகும் குதிரைகள்: ஓர் அளவை ஆராய்ச்சி

வெளியில் வாங்கிய சைலன்சரைக் காருக்கு மாட்டினால் என்ஜின் ஆற்றல் கூடுமா என்னும் வினாவை நம் தருக்க நூலார் தொடாமல் விட்டது பெருங்குறை. அவர்கள் வகுத்த காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளைக் கொண்டே அக்குறையை நீக்கப் புகுகிறோம்.

உரை அளவை எளிதில் தீர்ந்தது. "பத்து ஹெச்.பி. ஏறும்ணே" என்பது விற்பவர் வாக்கு. விற்பவர் வாக்கு ஆப்த வாக்கியம், அதாவது நம்பத் தகுந்தவர் சொல், ஆகாது.

காண்டல் அளவையில் கண்ணைவிடக் காது முந்திக்கொள்கிறது. சத்தம் கனத்ததும் வண்டி பறப்பதாகத் தோன்றும். முதுகு சீட்டில் அழுந்துவதாகச் சத்தியம் செய்வாரும் உளர். கடிகாரம் பிடித்துப் பார்த்தார் இலர்.

எஞ்சியது கருதல். அதன் கருவி டைனோ. சக்கரங்களை உருளைமேல் ஏற்றி, பட்டையால் இழுத்துக் கட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், கனத்த உருளை எவ்வளவு விரைவாக வேகமெடுக்கிறது என்பதிலிருந்து ஆற்றல் கணக்கிடப்படும். புகையைக் கொண்டு நெருப்பை அறிவது பழைய தருக்கம். புகைக்குழாயை மாற்றிவிட்டு நெருப்பு பெருகிற்றா என்று கேட்பது இப்புதிய தருக்கம்.

எடுத்துக்காட்டாக 1197 சி.சி. பெட்ரோல் ஸ்விஃப்ட்டின் 2018 மாடல், கம்பெனி சொன்ன ஆற்றல் 83 பி.எஸ். டர்போ இல்லாத இத்தகைய என்ஜினில் பின்குழாயை மட்டும் மாற்றினால் கிடைப்பது ஒன்றிரண்டு குதிரை, கிடைக்காமலும் போகும். ஆனால் அதே வண்டியைச் சித்திரை வெயிலில், 40 டிகிரியில், ஓட்டிவிட்டு, மார்கழி விடியலில் 22 டிகிரியில் மறுபடி ஓட்டினால், காற்று அடர்ந்து 3 சதவீதம் போல ஆற்றல் ஏறும். அதாவது இரண்டு குதிரைக்கு மேல். ஆகவே மார்கழி சைலன்சரைவிடச் சிறந்த உதிரிபாகம். அதற்காக எந்தப் போக்குவரத்துக் காவலரும், சத்தமிடும் சைலன்சருக்குத் தீட்டுவதுபோல், 10,000 ரூபாய் வரை அபராதம் தீட்ட முடியாது.

இந்த வெப்ப வேறுபாட்டைச் சரிக்கட்டவே எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற தரம், எல்லாக் கணக்கையும் 25 டிகிரிக்கு மாற்றச் சொல்கிறது. அங்கும் ஒரு சூக்குமம் உண்டு. வெப்ப உணரியைச் சூடான ரேடியேட்டர் ஓரம் நகர்த்தி வைத்தால், 'பாவம், இவ்வளவு புழுக்கத்திலா ஓடுகிறது' என்று இரங்கி, கணினி தானே குதிரைகளைக் கூட்டித் தரும். ஸ்பானர் தொடாத வழியும் ஒன்றுண்டு. ஒரு ஹெச்.பி. 745.7 வாட், ஒரு பி.எஸ். 735.5 வாட். அதே ஆற்றலை முன்னதில் 82 என்று அச்சிடாமல், பின்னதில் 83 என்று அச்சிட்டால் ஒரு குதிரை இலவசம்.

முறையான சோதனை இது: பழைய சைலன்சர், புதியது, மறுபடி பழையது. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஓட்டம். அதே கியர், அதே டயர் காற்று, அதே என்ஜின் சூடு. பழையதை மீண்டும் மாட்டியதும் எண் இறங்கினால்தான் ஏற்றம் மெய். அப்படி மீண்டும் மாட்டிப் பார்க்கப் பெரும்பாலும் வாய்ப்பில்லை. புதியது ஏறிய அன்றே பழையது காயலான் கடைக்குப் போயிருக்கும். போகாத இடத்தில், "திரும்ப மாட்டிப் பார்ப்போமா?" என்றால், "சத்தம் போயிடுமே சார்" என்பதே உரிமையாளரின் பதில். ஆற்றல் போய்விடும் என்று அஞ்சினாரை இவ்வாய்வு இன்னும் காணவில்லை.