சட்டிக்குள் என்ன, சாம்பாருக்குள் என்ன?

ஸ்லோ குக்கரின் பீங்கான் சட்டியில் காரீயம் இருக்கிறது என்று தோழி குண்டைத் தூக்கிப் போட்டாள். வருடக்கணக்காக அதில்தான் சமைக்கிறேன். குப்பையில் போட்டுவிடட்டுமா?
*- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி*

பொறுங்கள். சட்டியில் காரீயம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது சாம்பாரில் இறங்குகிறதா என்பது வேறு கேள்வி. வயிற்றுக்குப் போவது இறங்குவது மட்டும்தான். பெயர் தெரிந்த நிறுவனம், உட்புறம் ஒரே நிறம், கீறலோ விரிசலோ இல்லை என்றால், என் கவலைப் பட்டியலில் உங்கள் சட்டிக்குக் கடைசி இடம். பழையது, ஊர் பேர் தெரியாதது, மெருகு வெடித்தது என்றால் முதல் இடம்.

மண்ணைச் சுட்டுச் செய்த பாத்திரத்தில் உலோகம் எங்கிருந்து வந்தது?
*- வாசகர், கோவை*

மண்ணிலிருந்து அல்ல, மேலே பூசும் மெருகிலிருந்து. அந்தப் பளபளப்பு உண்மையில் கண்ணாடி. அதற்கு மூலமான சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். எந்தக் குயவர் சூளையும் அதைத் தாங்காது. காரீய ஆக்சைடைக் கலந்தால் மிகக் குறைந்த சூட்டிலேயே உருகும், சீராகப் பரவும், முகம் பார்க்கலாம் போல மின்னும். உலகம் முழுக்கக் குயவர்கள் நெடுங்காலமாக இதைக் கையாண்டார்கள். காட்மியம் வேறு வேலைக்கு வந்தது: பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்கு.

கலவையும் சூடும் சரியாக அமைந்தால் உலோகம் கண்ணாடிக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். சூளையில் சூடு போதாவிட்டால் சிறைக்குக் கதவில்லை. 1,200 டிகிரி அளவில் சுடப்படும் கெட்டிப் பீங்கானுக்குக் காரீயம் தேவையே இல்லை. போரான் கலந்த மெருகுகளும் வந்துவிட்டன. ஸ்லோ குக்கர் சட்டிகள் பெரும்பாலும் இந்தக் கெட்டிப் பீங்கான்தான்.

பழப்புளியும் தக்காளியும் போட்டு எட்டு மணித்தியாலம் வேக விடுறன். பயப்பிட வேணுமோ?
*- வாசகி, ஸ்கார்பரோ, கனடா*

பயம் வேண்டாம். ஆனால் இந்த வாரம் வந்ததில் கூர்மையான கேள்வி உங்களுடையது. உலோகத்தை மெருகிலிருந்து இழுப்பவை மூன்று: புளிப்பு, சூடு, நேரம். ஸ்லோ குக்கரில் மூன்றும் ஒன்றுசேர்கின்றன.

ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்? பாத்திரத்தில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை, கிட்டத்தட்ட வினிகரை, ஊற்றி 24 மணி நேரம் அறை வெப்பத்தில் வைக்கிறார்கள். பிறகு அதில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கிறார்கள். பெரிய குழிப் பாத்திரத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம் காரீயம். ஐரோப்பாவில் சமையல் பாத்திரத்துக்கு நெடுங்காலமாக 1.5. கலிஃபோர்னியாவிலோ குழிப் பாத்திரத்தில் 0.1ஐத் தாண்டினாலே எச்சரிக்கை ஒட்ட வேண்டும். ஒரே நாட்டுக்குள் பத்து மடங்கு வித்தியாசம்!

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அடுப்புச் சூட்டில் நாள் முழுக்கக் கிடக்கப்போகிற பாத்திரத்தை ஆறிய அமிலத்தில் சோதிப்பது போதாது. சூட்டில் பயன்படுவதைச் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பருப்பும் காய்கறியும் ஸ்லோ குக்கரில் வேகட்டும். புளியையும் தக்காளியையும் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வைத்துக் கடைசியில் சேருங்கள். மிஞ்சிய குழம்பைச் சட்டியோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

கடையில் விற்கும் காரீய சோதனைக் குச்சியால் தேய்த்துப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. பிழைத்தேன்தானே?
*- வாசகர், சிங்கப்பூர்*

அந்தக் குச்சியை நம்பி முடிவெடுக்காதீர்கள். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2007-ல் இத்தகைய வீட்டுச் சோதனைகளை ஆராய்ந்து, நம்பத்தக்கவை அல்ல என்றது. இருப்பதை இல்லை என்கின்றன, இல்லாததை இருக்கிறது என்கின்றன. எக்ஸ்ரே துப்பாக்கியால் அளப்பவர்கள் சொல்லும் பெரிய எண்களும் மெருகில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் காட்டும், குழம்பில் எவ்வளவு இறங்கும் என்பதை அல்ல. அமிலத்தில் ஊறவைத்து அளக்கும் ஆய்வுக்கூடச் சோதனைதான் சாட்சி.

மெக்சிகோ சுற்றுலாவில் வாங்கிய பளபள மண்பானை. அதில் ராஜ்மா வைக்கலாமா?
*- வாசகி, டல்லஸ்*

வேண்டவே வேண்டாம். அங்கே ‘கிரெட்டா’ என்ற காரீய ஆக்சைடு மெருகு தலைமுறைகளாகப் புழங்குகிறது. விறகுச் சூளையின் சூடு அதைக் கட்டிவைக்கப் போதாது. குயவர்களைத் திட்டாதீர்கள். அந்தத் தூசியை முதலில் சுவாசிப்பது அவர்களுடைய பிள்ளைகள்தான். மாண்ட்ரியாலில் கையால் செய்த மெருகுக் கூஜாவில் வைத்த ஆப்பிள் சாற்றைக் குடித்து ஒரு குழந்தை இறந்ததை 1970-ல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அடுப்பே இல்லை, வெறும் பழச்சாறு!

ராஜ்மா என்றதும் இன்னொன்று. அதை எந்த ஸ்லோ குக்கரிலும் பச்சையாகப் போடாதீர்கள். அதில் இயற்கையாகவே உள்ள நச்சு, மெல்லிய சூட்டில் அழியாது. ஐந்து மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்க வைத்த பிறகு போடுங்கள்.

ஈயச் சொம்பு ரசமும் விஷமா?
*- வாசகர், கும்பகோணம்*

சுத்தமான வெள்ளீயம் என்றால் இல்லை. அது வேறு உலோகம். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. இரண்டையும் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து. சோதித்துச் சான்று தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

பீங்கானுக்குப் பயந்து இண்டாலியம் குக்கருக்கு மாறிவிட்டோம். நிம்மதி.
*- வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா*

நிம்மதியைக் கெடுப்பதற்கு மன்னியுங்கள். இண்டாலியம் என்பது அலுமினியக் கலவைதான். இறக்குமதியாகும் சில இண்டாலியம், பித்தளைப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்குகிறது என்று 2025 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அதற்கு முன்பே சியாட்டில் பகுதியில், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த அகதிக் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் ஏன் அதிகம் என்று தேடிய சுகாதாரத் துறையினர், அவர்கள் வீட்டு அலுமினியக் குக்கர் வரை வந்து நின்றார்கள். பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்தால் எது கலந்ததென்று யாருக்குத் தெரியும்? நல்ல எவர்சில்வருக்கு மாறுங்கள்.

மகளுக்கு நாலாம் மாதம். பழைய பீங்கான் சட்டியில்தான் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன். கலக்கமாக இருக்கிறது.
*- வாசகி, மதுரை*

அம்மா, அந்தச் சட்டியை இன்றே ஒதுக்கி வையுங்கள். இந்தப் பகுதியில் யாருக்கும் இவ்வளவு கண்டிப்பாக நான் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. உடம்பு காரீயத்தைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் சேர்த்து வைக்கும், பத்து இருபது வருடங்கள் கூட. கருவுற்ற காலத்தில் குழந்தைக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, காரீயமும் சேர்ந்தே கிளம்பும். அது நஞ்சுக்கொடியைத் தாண்டும். வளரும் மூளைக்கு அது கேடு. இரத்தத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று எந்த அளவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கியதில் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகள் நாலைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்கிறார்கள் என்றும் அது சொல்கிறது. காட்மியமும் லேசானதல்ல, சிறுநீரகத்தில் பல்லாண்டு தங்கும்.

கலக்கத்தை வேலையாக மாற்றலாம். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு காரீயத்தைக் கூடுதலாக இழுக்கும். எனவே கேழ்வரகு, கீரை, பால், மருத்துவர் தரும் இரும்பு மாத்திரை எதையும் விடாதீர்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது சட்டி விஷயத்தைச் சொல்லி, இரத்தத்தில் காரீய அளவு பார்க்கலாமா என்று கேளுங்கள்.

பழைய பொருள் கடையில் 1970-களின் ஸ்லோ குக்கர் கிடைத்தது. ஆரஞ்சு நிறம், கொள்ளை அழகு!
*- வாசகி, சிகாகோ*

அதைக் கண்டுபிடித்தவர் உங்கள் ஊர்க்காரர்தான். சிகாகோவின் இர்விங் நாக்ஸன் 1940-ல் காப்புரிமை பெற்ற மின்பானையை வாங்கி, 1971-ல் ரைவல் நிறுவனம் ‘கிராக்-பாட்’ என்று விற்றது. வரலாறு அருமை, சமையல் வேண்டாம். அந்தக் காலத்தில் எஃப்.டி.ஏ. வைத்திருந்த காரீய வரம்பு லிட்டருக்கு 7 மில்லிகிராம். அன்றைக்குச் சட்டப்படி தேறிய சட்டி, இன்றைய வரம்பைப்போல ஏழு மடங்கு கக்கலாம்.

யாருக்கும் தானமாகவும் கொடுக்காதீர்கள், அது இன்னொரு வீட்டு அடுப்படிக்குத்தான் போகும். உணவுக்கு ஆகாத அலங்காரப் பீங்கானில் எச்சரிக்கையைப் பொறிக்க வேண்டும், அல்லது அடியில் துளையிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. நீங்களும் சட்டியில் துளை போட்டுவிடுங்கள். ரோஜா வைக்கலாம், புதினா கூடாது.