அழிரப்பர்ப் பண்டுவர்

சங்கரன்கோவில் வட்டத்துப் பனவடலிசத்திரம் போன்ற ஊர்களில், ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியர் இருப்பதுபோலக் கணினிக்கும் ஒரு பண்டுவர் இருப்பார். பட்டமும் பெயர்ப்பலகையும் இல்லாத அவரைப் பையன்கள் 'சிஸ்டம் அண்ணன்' என்பர். வடலி என்றால் இளம்பனை. அவரை நாடி வருவோரும் பெரும்பாலும் வடலிப் பருவத்தினரே. அவர்கள் கொண்டுவரும் நோயும் ஒன்றுதான்: கேமைத் திறந்ததும் திரை கறுத்து, கிராபிக்ஸ் மெமரி போதவில்லை என்று ஓர் அறிவிப்பு தோன்றி, கேம் தானாகவே மூடிக்கொள்ளும்.

கிராபிக்ஸ் மெமரி என்பது திரையில் வரைய வேண்டியவற்றைக் கணினி கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கிவைக்கும் இடம். சுவருக்கும் சாலைக்கும் முகத்துக்கும் தோலாகப் போர்த்தப்படும் படம் டெக்ஸ்சர் எனப்படும். நீளமும் அகலமும் 4096 புள்ளிகளாக உள்ள ஒரு டெக்ஸ்சர், சுருக்காமல் வைத்தால் 64 எம்பி பிடிக்கும். 2005இல் கணினிக்கு வந்த 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' மொத்த விளையாட்டுக்கும் குறைந்தபட்சமாகக் கேட்டதே 64 எம்பிதான். 2015இல் வந்த 'ஜிடிஏ 5' 1 ஜிபி கேட்டது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளிலோ பெரும்பாலும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால், படம் வரையும் பகுதி பொது ரேமிலேயே பங்கு கேட்கும். ஒரே கிணற்றை இரண்டு தோட்டத்துக்கு முறைவைத்து இறைக்கும் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பண்டுவர் அறிவிப்பைப் படிப்பதில்லை. பெட்டியில் காதை வைத்து ஃபேனின் மூச்சைக் கேட்டு, "கடைசியா என்னத்தலே ஏத்துன?" என்று வினவி, விடை வருமுன்பே ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து, ஒருமுறை ஊதி, 'டக்'கென்று ஒலி எழும்வரை மீண்டும் அழுத்துவார். விளிம்பில் அழுக்கேறிக் கணினி உயிர்பெறாத நிலையில் இது கைகண்ட மருந்தே. மெமரி போதாமைக்கோ இது சாக்கின் வாயைத் துடைத்துச் சாக்கைப் பெரிதாக்கும் முயற்சிக்கு ஒப்பாகும். எனினும், சங்கரன்கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டவனின் நிறைவு சுற்றி நிற்போர் முகத்தில் தெரியும்.

திரை சொல்வதை அப்படியே நம்பலாகாது என்பது அவரது கொள்கை. அதற்கு உலகச் சான்றும் கிடைத்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகள் சிலவற்றைக் கொண்ட கணினிகளில், விலையுயர்ந்த கார்டு இருந்தும் வீடியோ மெமரி போதவில்லை என்றே கேம்கள் முறையிட்டன. குற்றம் மெமரியுடையதன்று, மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலைந்த சிப்பினுடையது என 2024இல் தெளிவாகி, அந்நிறுவனம் ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. அச்செய்தி எட்டிய நாள்முதல், பத்தாண்டுப் பழைய மடிக்கணினியிலும் அந்நோயின் அறிகுறியைக் காண்பது பண்டுவரின் வழக்கமாயிற்று.

இவ்வளவும் மேடைக்காகவே. விரலுக்குத் தக்க வீக்கம்தான் வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்; ஆனால் செட்டிங்கைக் குறைக்கச் சொன்னால், ஏதோ பரம்பரைச் சொத்தை விற்கச் சொன்னதுபோலப் பையன்கள் முகம் வாடுவர். ஆகவே, "ரெண்டு டீ சொல்லிட்டு வாலே" என்று பையனை அனுப்பிவிட்டு, 'ஜிடிஏ 5' தன் செட்டிங் பக்கத்திலேயே மெமரிச் செலவைக் கோடாகக் காட்டுவதைப் பார்த்து, பரிந்துரைத்த வரம்பைப் பொருட்படுத்தாதே என்று அவன் முன்னரே இட்டிருந்த கட்டளையை நீக்கி, டெக்ஸ்சரை உச்சத்திலிருந்து சாதாரணத்துக்கு இறக்கிவைப்பார். டீ வரும்போது கேம் ஓடிக்கொண்டிருக்கும்.

"அண்ணே, ரோடு கொஞ்சம் மங்கலாத் தெரியுதே?" என்று பையன் ஐயுறுவான்.

"அங்க இப்ப மார்கழி மாசம்லே" என்பார் பண்டுவர்.

கட்டணம் அந்த டீ மட்டுமே. புகழோ முழுவதும் அழிரப்பருக்குச் சேரும். பையனும் வீடு திரும்பும் வழியில் பெட்டிக்கடையில் நின்று, ஓர் அழிரப்பர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.